செல்வராசு கைதட்டிய கட்டுரை

யாழினி படித்து முடித்ததும் அரங்கத்தில் முதலில் கேட்டது அவளுடைய அப்பாவின் கைதட்டல்தான். கடைசி வரிசையில் எழுந்து நின்றார். ஒரு கையில் ஃபோன் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் இன்னொரு கையால் தொடையில் தட்டினார். அது போதவில்லை போல. ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் பலமாகத் தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது என்ன கூத்து என்று விழித்தேன்.

ஏனென்றால் யாழினி அந்த மேடையில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தது இதுதான்: எனக்கு அமெரிக்கா போக விருப்பமில்லை. அது அப்பாவின் கனவு, என்னுடையது இல்லை.

அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் பார்க்கும் வேலை

இந்தத் தொடரில் போன வாரம் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய கதையை எழுதியதும் மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “அதெல்லாம் சரி, துபாயில் நீங்கள் என்னதான் வேலை பார்க்கிறீர்கள்?” என் மாமியாரும் பல வருடங்களாக இதையேதான் கேட்கிறார்.

ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் சொல்லித்தருகிறேன். “காலேஜுக்கு வந்த பிள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியாதாம்மா?” என்பார் மாமியார். தெரியும். ஆனால் ஒன்றை வாசித்துவிட்டு அதைப் பற்றித் தன் கருத்தை நாலு பக்கம் எழுதச் சொன்னால் முழிப்பார்கள். அந்த முழியைப் போக்குவதுதான் என் வேலை. பெரும்பாலும் நானும் சேர்ந்து முழிப்பேன்.

எங்கள் கல்லூரியின் தாய்க் கல்லூரி அமெரிக்காவில் இருக்கிறது. பாடத்திட்டம் அங்கிருந்துதான் வரும். பருவம் முழுக்க ஒரே தலைப்பு. அதைப் பற்றியே படித்து, அதைப் பற்றியே வாதம் செய்து, அதைப் பற்றியே எழுத வேண்டும். சில வருடங்களாக வந்துகொண்டிருக்கும் தலைப்பு அமெரிக்கக் கனவு.

துபாயில், ஏசி குளிரில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, திருச்சிக்காரியான நான், அமெரிக்காவை இந்த வயதுவரை கண்ணால் பார்க்காத நான், அமெரிக்கக் கனவைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். இதில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறது. எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை.

முதல் வகுப்பில் பாடத்தின் சாரத்தைச் சொன்னேன். பிறந்த இடத்தைவிட்டுப் போய், உழைத்து, வீடு வாங்கி, கடைசியில் அந்த நாட்டுக்காரராகவே ஆகிவிடலாம் என்கிற நம்பிக்கைதான் அமெரிக்கக் கனவு.

இந்த நாட்டுக்காரியான மர்யம் என்கிற எமிராத்திப் பெண் கையைத் தூக்கினாள். “வீடு வாங்க எதற்கு மிஸ் வெளியூர் போக வேண்டும்?”

அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த மலையாளிப் பையன் கேட்டான். “உழைத்தால் அந்த நாட்டுக்காரர் ஆகிவிடலாம் என்று போட்டிருக்கிறதே, நிஜமாகவா?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் அவனைப் போலத்தான், இங்கேயே பிறந்து, அப்பாவின் விசாவில் இருப்பவர்கள், எத்தனை வருடம் இருந்தாலும் இந்த நாட்டுக்காரர் ஆக முடியாதவர்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

முதல் பத்தியிலேயே போட்டு உடைப்பது

நான் திருச்சியில் படித்த காலத்தில் கட்டுரை என்றால் கோனார் வீட்டுப் பால் மாதிரி, வாசலுக்கே வந்துவிடும். வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதை உருப்போட்டு, பரீட்சையில் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான். கடலையே பார்க்காத என் தோழி கடற்கரையில் ஒரு மாலை நேரத்தைப் பற்றி எழுதி வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கினாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட. உன் கருத்து என்ன என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

இங்கே அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தீசிஸ் என்பார்கள். நீ சொல்ல வருவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில், முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும். அது இல்லாத கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் மார்க் போகும்.

நம் வீடுகளில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? என் வீட்டுக்காரருக்குக் காபி வேண்டுமென்றால் “பால் இருக்கா?” என்று கேட்பார். அவருக்கு வேலை மாற வேண்டும் என்றிருந்ததை நான் தெரிந்துகொண்டது, அவர் ஆபீஸைத் திட்டுவதைத் திடீரென்று நிறுத்தியபோதுதான். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பிப் போய், வகுப்பில் நின்று, “ஒரே வாக்கியத்தில் சொல்!” என்று அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

பின்னோக்கி ஓடிய கட்டுரை

அந்தப் பருவத்தின் கடைசிக் கட்டுரைக்கு இப்படித் தலைப்புக் கொடுத்தேன்: உன் குடும்பத்தில் யாராவது ஒருவர் எந்தக் கனவுக்காக ஊரைவிட்டு வந்தார்? அந்தக் கனவு உனக்கும் உண்டா?

மூன்று முறை எழுதித் தர வேண்டும். முதல் வரைவைப் படித்து நான் குறிப்பு எழுதுவேன். இரண்டாவதில் திருத்துவார்கள். மூன்றாவதுக்குத்தான் மார்க். முதலாண்டில் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க் வாங்கினால், மீதிப் படிப்பை உதவித்தொகையோடு அமெரிக்கத் தாய்க் கல்லூரியிலேயே படிக்கலாம். அந்தப் பருவத்தில் அதற்குத் தகுதியான ஒரே ஆள் யாழினி என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். மற்ற பாடங்களையெல்லாம் ஊதித் தள்ளியிருந்தாள். என் பாடம் மட்டும்தான் பாக்கி.

யாழினி துபாயில் நம் ஊர்க்காரர்கள் நிறைந்த கராமாவில் வளர்ந்தவள். அப்பா செல்வராசு பட்டுக்கோட்டைப் பக்கம், அல் கூஸில் ஒரு குடோனில் ஸ்டோர் இன்சார்ஜ். அம்மா ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை.

அவளுடைய முதல் வரைவை நான் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். கராமா ஃப்ளாட்டின் நடைபாதையில் மூன்று வீட்டுச் சமையல் வாசனையும் கலந்து வருவதை எழுதியிருந்தாள். பால்கனியில் ஊருக்கு அனுப்பக் கட்டிவைத்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியதை எழுதியிருந்தாள். பிறகு ஊரில் அப்பா கட்டிய வீடு. “அங்கே எனக்கென்று ஒரு அறை இருக்கிறது. அந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் கிழிக்கவில்லை.”

எல்லாம் இருந்தது. தீசிஸ் மட்டும் இல்லை. “நீ சொல்ல வருவது என்ன? ஒரே வாக்கியம்!” என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது வரைவு வந்தது. முதலாவதைவிட மோசம். பிளாஸ்டிக் உறையைக் காணோம். அதற்குப் பதிலாக, “மனிதன் ஆதிகாலம் முதலே கனவு கண்டு வருகிறான்” என்று ஆரம்பித்திருந்தாள். இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று நான் முதல் வாரம் உதாரணம் காட்டிய அதே வாக்கியம். அடுத்த பத்தியில் இரண்டாம் வாரம் கூடாது என்று சொன்னது. அதற்கடுத்ததில் மூன்றாம் வாரம் சொன்னது. நான் பாடம் நடத்திய வரிசையிலேயே தப்புகள் அணிவகுத்து நின்றன.

தப்புச் செய்வதில்கூட அவ்வளவு ஒழுங்கு. உடம்பு சரியில்லையோ, வீட்டில் பிரச்சினையோ, என்மேல் ஏதாவது கோபமோ என்று எனக்கு ஒரே குழப்பம். கூப்பிட்டனுப்பினேன்.

‘மார்க்கைக் குறைச்சிடுங்க மிஸ்’

வந்து உட்கார்ந்தவள் சுற்றி வளைக்கவில்லை. “மிஸ், வேணும்னேதான் அப்படி எழுதினேன். ஃபைனல் இதைவிட மோசமா இருக்கும். ப்ளீஸ், மார்க்கைக் குறைச்சிடுங்க.”

மார்க் கூட்டச் சொல்லி அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குறைக்கச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான்.

“ஏம்மா, அமெரிக்கா போக வேணாமா?”

“வேணாம் மிஸ். நான் அங்க போன அடுத்த மாசம் அப்பா கேன்சல் பண்ணிடுவார்.”

வளைகுடாவில் கேன்சல் என்றால் விசாவை ரத்து செய்துவிட்டு ஊரோடு போய்விடுவது. கல்யாணத்துக்குப் போவதைச் சொல்வதுபோல இங்கே எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை. அப்பா கேன்சல் என்றால் அம்மாவும் கேன்சல், அந்த ஃப்ளாட்டும் கேன்சல்.

“நான் இங்க படிக்கிற வரைக்கும்தான் அவங்க இங்க இருப்பாங்க. நான் போயிட்டா, லைக், லீவுக்கு எங்க வருவேன் மிஸ்? பட்டுக்கோட்டைக்கா? அங்க எனக்கு பஸ் ஏறக்கூடத் தெரியாது. அப்பாவுக்கே அங்க இப்ப யாரையும் தெரியாது. அவர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கராமாலதான் இருக்காங்க.”

“இதை அப்பாகிட்ட சொன்னியா?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். “உனக்காகத்தான் இத்தனை வருஷம் இங்க இருந்தேன்னு சொல்றார். அவர்கிட்ட எப்படி மிஸ்? நீங்க வேற ஒரே வாக்கியத்துல சொல்லுன்னு எழுதிட்டீங்க. அதை எழுதிப் பார்த்தேன். பயமாயிடுச்சு. அதான் எல்லாத்தையும் அழிச்சிட்டு மனிதன் ஆதிகாலம் முதலேன்னு ஆரம்பிச்சேன்.”

நல்ல மார்க் போட்டால் அவளை அவள் வீட்டிலிருந்து கிளப்பிவிடுகிறேன். குறைத்துப் போட்டால் பொய் சொல்கிறேன். போதாக்குறைக்கு, அமெரிக்கா வேண்டாம் என்று அவள் எவ்வளவு நன்றாக எழுதுகிறாளோ, அவ்வளவுக்கு அவளுக்கு அமெரிக்கா உறுதியாகிறது. இப்படி ஒரு சிக்கலைப் பாடத்திட்டம் போட்டவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து அறை மார்த்தாவிடம் கேட்டேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரி, எங்கள் துறையில் மூத்தவள். “எழுத்துக்குத்தான் நாம் மார்க் போடுகிறோம், அவள் வாழ்க்கைக்கு இல்லை” என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவளே, சொந்த ஊரில் வீடு கட்டுப்படியாகாமல்தான் துபாய்க்கு வந்ததாகவும், ஓய்வு பெற்றால் எங்கே போவதென்று தெரியவில்லை என்றும் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். போனதைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பி வந்தேன்.

மைசூர்பாகு

அந்த வாரமே செல்வராசு கல்லூரிக்கு வந்தார். அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கையில் மைசூர்பாகு டப்பாவோடு.

“மேடம், நம்ம பாப்பாவக் கொஞ்சம் பாத்துக்கங்க. உங்க பேப்பர் ஒண்ணுதான் பாக்கியாம்ல.”

“நல்லாத்தான் எழுதுவா. நீங்க கவலைப்படாதீங்க.”

“அதுக்கில்ல மேடம். இவ அங்க போய்ச் சேந்துட்டான்னா நான் கெளம்பிருவேன். போதும் மேடம். ஒவ்வொரு வருசமும், இந்த ஒரு வருசம், இந்த ஒரு வருசம்னே ஓட்டியாச்சு. ஊர்ல வீடு சும்மா கெடக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போதும் என்றபோது மட்டும் டப்பாவைப் பார்த்துக்கொண்டார். அது ஆசையா, அலுப்பா, சொல்லிச் சொல்லிப் பழகியதா என்று எனக்குத் தெரியவில்லை. மகளைக் கேட்டால் அப்பாவுக்கு ஊரில் யாருமில்லை என்கிறாள். அப்பாவைக் கேட்டால் போதும் என்கிறார். இரண்டு பேரும் ஒரே ஃப்ளாட்டில், ஒரே டிவி முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

மைசூர்பாகை மார்த்தாவுக்கும் கொடுத்தேன். மறுநாள் யாழினியிடம் சொன்னேன்: “நீ அப்பாகிட்ட சொல்ல வேண்டியதை என் மார்க்கை வெச்சுச் சொல்லாதே. கட்டுரையை நீ நினைக்கிறபடி எழுது. எழுதினதுக்கு என்ன மார்க்கோ அதை நான் போடுவேன். அதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல.”

பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள்: “வாசிப்பு நாளுக்கு அப்பா வருவார் மிஸ். அங்கேயே படிச்சிடறேன். வீட்ல என்னால முடியாது.”

பருவக் கடைசியில் பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் தங்கள் கட்டுரையைப் படிப்பது எங்கள் வழக்கம். மகள் மேடையில் ஆங்கிலத்தில் சொல்லப் போகிறாள், அப்பா கீழே உட்கார்ந்திருக்கப் போகிறார். இதில் என்ன இடிக்கிறது என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. செல்வராசு இந்தியும் குடோன் ஆங்கிலமும் வெளுத்துக் கட்டுவார். டெலிவரி நோட் படிக்கிற ஆங்கிலம் வேறு, பெண் கட்டுரை படிக்கிற ஆங்கிலம் வேறு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

மறுபடி அரங்கம்

கைதட்டல் ஓய்ந்ததும் செல்வராசு நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. யாழினி மேடைப் படியில் நின்றபடி அவரையே பார்த்தாள். அப்பா சம்மதித்துவிட்டார் என்று ஒரு கணம் நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

“என்னா வேகம் மேடம்! வெள்ளைக்காரப் புள்ள மாதிரியே பேசறா. அவ வேகத்துக்கு என்னால ஓட முடியல. ஆனா அப்பா அப்பான்னு சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. வீடியோவ குடும்ப குரூப்புல போட்டாச்சு.” கொஞ்சம் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினார். “என்னப் பத்தி என்னா மேடம் சொன்னா? கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்.”

சொல்லவா, மழுப்பவா? அழகாக எழுதியிருந்தாள் என்று ஆரம்பித்து, கராமா வீட்டைப் பற்றி, பால்கனியைப் பற்றி என்று இழுத்தேன். நானே என் தீசிஸைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“மிஸ், நானே சொல்றேன்.”

யாழினி இறங்கி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். ஆங்கிலத்தில் நாலு பக்கம் சொன்னவளுக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை.

“அப்பா, நான் போகலப்பா. நீங்களும் போகாதீங்க.”

அவ்வளவுதான். பருவம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம்.

செல்வராசின் சிரிப்பு உடனே மறையவில்லை. முகத்தில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

“பார்க்கிங் டைம் முடியப் போவுது பாப்பா. வா.”

இரண்டு பேரும் போனார்கள். அவள் பையை அவர்தான் தூக்கிக்கொண்டார். நான் நாற்காலிகளை அடுக்க உதவினேன். அன்று முழுக்க யார்மேல் என்றே தெரியாமல் கோபமாக இருந்தது.

அரங்கத்தில் படித்ததையே யாழினி கடைசி வரைவாகக் கொடுத்தாள். பிளாஸ்டிக் உறை திரும்பி வந்திருந்தது. சொன்னபடி, அந்த எழுத்துக்கு என்ன உண்டோ அதைப் போட்டேன். நல்ல மார்க். தாய்க் கல்லூரியிலிருந்து அவளுக்கு இடமும் வந்தது.

கராமாவில் ஒரு டீ

அதற்குப் பிறகு விடுமுறை. என்ன ஆயிற்று என்று கேட்கக் கை பரபரத்தாலும் நான் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கராமாவில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு திரும்பினால், டீக்கடை வாசலில் செல்வராசு நாலைந்து நண்பர்களோடு நின்றிருந்தார். ஒருவர் ஏதோ சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வராசு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என்னிடம் போதும் என்று சொன்ன மனிதர்தானா இவர் என்று இருந்தது.

என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்.

“ஃப்ளாட்டு வாடகை ரினீவல் போட்டாச்சு மேடம். ஒரு வருசம்தான்.”

பின்னாலிருந்து நண்பர் ஒருவர், “இந்த ஒரு வருசத்த இவன் பாப்பா பொறந்ததுலேருந்து சொல்றான் மேடம்!” என்றார். மறுபடி சிரிப்பு.

“அமெரிக்கா?”

“சீட்ட ஒரு வருசம் தள்ளி வப்பாங்களாம். அதுக்குள்ள யோசிக்கிறேங்கறா. யோசிக்கட்டும். நானும் யோசிக்கணும்ல.” நண்பர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “அன்னிக்குக் கோவந்தான் மேடம். கார்ல பேசவே இல்ல. யாருக்காகடா இம்புட்டும்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போனா, ஊர்லேருந்து குரூப்புல எல்லாரும் வாழ்த்துச் சொல்லிட்டு இருக்காங்க. அமெரிக்கா போற புள்ளைக்கு வாழ்த்துக்கள்னு. ஒருத்தருக்கும் புரியல பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான்.

“அப்பறம் அவள உக்கார வச்சு, வீடியோவ நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லச் சொன்னேன். அந்த மெத்த உறைய எழுதியிருக்கா பாருங்க. அத நான்தான் கிழிக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன். அவ வந்து இருக்கறப்ப புதுசா இருக்கட்டும்னு.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. நண்பர்கள் கூப்பிட்டார்கள். அவர் போகாமல் நின்றார்.

“புரியாம கைதட்டிட்டேனேன்னு மொதல்ல வெக்கமா இருந்துச்சு மேடம். இப்ப எல்லாம் புரிஞ்சுதான் அந்த வீடியோவப் பாக்குறேன். இப்பவும் அவ படிச்சு முடிக்கிற எடம் வந்தா கைதட்டத்தான் தோணுது.”